பிடிக்காதா, வெறுப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில், மனையாவெளிப் பக்கம் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் தமிழ் வகுப்பு நடக்கிறது. போன தவணை தரம் 10 பிள்ளை ஒருத்தி கட்டுரைக் கொப்பியில் "நான் கணிதத்தை வெறுக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் சிவப்புப் பேனையால் 'வெறுக்கிறேன்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "உண்மையாகவா?" என்று எழுதிவிட்டேன். அந்த வட்டம் பிள்ளையோடு வீட்டுக்குப் போனது. தாய் கேட்டார், பெரியம்மா கேட்டார், இப்போது மீன் சந்தையில் கண்டாலும் கேட்கிறார்கள். ஆளுக்காள் சொல்லி வாய் நொந்துவிட்டது. அதனால் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் உளவியல் படித்தவள் இல்லை. 31 வருடம் தமிழ் படிப்பித்தவள். பதில்களும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

பிடிக்காமல் இருப்பதற்கும் வெறுப்பதற்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கோ.

இரண்டு வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "எனக்குக் கணிதம் பிடிக்காது." "நான் கணிதத்தை வெறுக்கிறேன்."

முதலாவதில் எழுவாய் கணிதம். 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்று சொல்கிறோமே, அந்த வகை. பசியை யாரும் செய்வதில்லை, அது வருகிறது. பிடிக்காமையும் அப்படித்தான் வந்து சேருகிறது. இரண்டாவதில் எழுவாய் நான். கணிதம் செயப்படுபொருள். வெட்டுகிறேன், எறிகிறேன் என்பதுபோல நான் செய்கிற வேலை அது. தினமும் செய்ய வேண்டும், விட்டால் நின்றுபோகும்.

சுருக்கமாகக் கேட்டால் இதுதான் பதில். நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம்.

அப்படியென்றால் "வெறுத்துப் போச்சு" என்கிறோமே, அது என்ன?

நல்ல கேள்வி. கண்டி வீதியில் வெயிலில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு "வெறுத்துப் போச்சு" என்றால், அங்கே வெறுப்பே இல்லை. அலுப்புத்தான் இருக்கிறது. 'போச்சு' என்ற துணைவினை வந்தவுடனேயே அது தன்பாட்டில் நடந்த காரியமாகிவிடுகிறது. 'நான்' காணாமல் போகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். "வாழவே வெறுத்துப் போச்சு" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அதைப் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட வேண்டாம். பக்கத்தில் இருந்து கேளுங்கள். இலங்கையில் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926.

இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காமைக்கு நாம் பாவிக்கிற சொற்களைப் பாருங்கள். கசந்துவிட்டது. கைத்துப் போனது. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. உவர்த்தல் என்பதற்கு உப்புக் கரிப்பது என்றும் பொருள், மனம் ஒவ்வாமல் போவது என்றும் பழைய தமிழில் பொருள். (எங்கள் ஊர் உவர்மலைப் பகுதிக்காரர் கோபிக்கக்கூடாது. அந்தப் பெயர் 'ஓர்' (Orr) என்ற ஆங்கிலப் பெயர் நம் வாயில் மாறியது.) எல்லாம் நாக்கில் பிறந்த சொற்கள். நாக்கு உடனே சொல்லும், காரணம் சொல்லாது, வாய் கொப்பளித்தால் முக்கால்வாசி போய்விடும்.

இப்போது மற்றப் பக்கம். காழ்ப்பு என்கிறோம். காழ் என்றால் மரத்தின் நடுவில் இருக்கிற கடினமான பகுதி. வயிரம் என்கிறோம். அதுவும் மரத்தின் நடுக்கட்டைக்குப் பெயர், பகைக்கும் பெயர். "வயிரம் வைத்துக்கொண்டு திரிகிறான்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கறுவுதல் என்று இன்னொன்று இருக்கிறது. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. முகம் சிவந்து ஆறிவிட்டால் சரி, உள்ளுக்குள் கறுத்துவிட்டால் கதை வேறு.

தச்சுப் பட்டறையில் வயிரம் பாய்ந்த கட்டை அரிந்து கிடந்தால் குனிந்து பாருங்கள். ஓரமெல்லாம் வெளிறிய நிறம், நடுவில் கடும் நிறம். வெளிறைக் கறையான் ஒரு மாரியில் தின்றுவிடும். வயிரம் அப்படியே கிடக்கும். ஒரே மரம்தான், ஆனால் வயிரம் பாய வருடங்கள் வேண்டும். நாக்கில் தொடங்கிய ஒன்று ஒரு நாளில் காழ்ப்பாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறுப்பு என்ற சொல்லுக்குப் பழைய பொருளே வேறு. "விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே" என்கிறது தொல்காப்பியம். செறிவு, அடர்த்தி. வெறுக்கை என்றால் செல்வம், மிகுதி. "உரம் ஒருவற்கு உள்ள வெறுக்கை" என்று குறளில் வருவது மனம் வெறுப்பதைப் பற்றியதல்ல, ஊக்கத்தின் மிகுதியைப் பற்றியது. வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் தலைகீழாகப் பொருள் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். எப்படி அந்தச் சொல் இந்தப் பொருளுக்கு வந்தது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வெறுப்பு ஒரு அடர்ந்த சாமான் என்பது, வெறுக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

என் மகன் பாவற்காயை வெறுக்கிறான். வற்புறுத்தித் தின்னக் கொடுக்கலாமா?

அவன் வெறுக்கவில்லை, அவனுக்குக் கசக்கிறது. உங்களுக்குக் கசப்பதைவிடக் கூடவும் கசக்கலாம். 1931இல் அமெரிக்காவில் ஆதர் ஃபாக்ஸ் என்ற இரசாயனவியலாளர் ஆய்வுகூடத்தில் ஒரு வெள்ளைத் தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் "என்ன இந்தக் கசப்பு!" என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் நாக்கில் வைத்தே பார்த்தார்கள். ஒருவருக்குக் கசப்பு, மற்றவருக்குச் சப்பு. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. பாவற்காயின் கசப்பு அந்தத் தூளின் கசப்பல்ல, அது வேறு பொருட்களால் வருவது. மனித நாக்கில் கசப்பைப் பிடிக்க மட்டும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஆளுக்காள் நாக்கு வேறு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே "இவ்வளவு கஷ்டப்பட்டுச் சமைச்சனான், கண்டறியாத நாக்கு உனக்கு" என்ற வசனம் வேண்டாம். உப்பில் பிசறிப் பிழிந்து, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, வெங்காயமும் தேசிக்காயும் போட்டுச் சம்பலாக ஒரு துண்டு வையுங்கள். தின்னாவிட்டால் விடுங்கள். அடுத்த கிழமை திரும்பவும் ஒரு துண்டு. எட்டுப் பத்துத் தரம் சண்டையில்லாமல் நாக்கில் பட்டால் பிள்ளைகள் பலர் வழிக்கு வருவார்கள். வற்புறுத்தினால் என்ன நடக்கும் தெரியுமா? பாவற்காய் நாக்கிலிருந்து இறங்கி, உங்கள் கையோடும் பிரம்போடும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் அது காயைப் பற்றிய விஷயமே இல்லை.

ஒரே ஒருமுறை சாப்பிட்டு வாந்தி எடுத்த சாமானை 20 வருடமாகத் தொட முடியவில்லை. இது வெறுப்புத்தானே?

எனக்கு நண்டு. ஒன்பது வயதில் வீட்டில் நண்டுக்குழம்பு தின்றுவிட்டுக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் குடும்பமாகப் போனோம். ஏழு கிணறுகளில் மூன்றாவதில் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஒங்காளித்து, எல்லார் முன்னாலும் வாந்தி. உண்மையில் எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. நண்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதே சட்டியில் தின்ற ஏழு பேருக்கும் ஒன்றும் செய்யவில்லை. இதெல்லாம் என் மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 1955இல் ஜோன் கார்சியாவும் அவரோடு வேலை செய்தவர்களும் எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கதிரியக்கத்துக்கு உட்படுத்தினார்கள். அது எலிகளுக்கு வயிற்றைப் பிரட்டியது. அதற்குப் பிறகு இனிப்புத் தண்ணீரை அவை ஒதுக்கின. ஒரே ஒரு தரம் போதும். சாப்பிட்டு மணித்தியாலக் கணக்கில் கழித்துக் குமட்டினாலும் உடம்பு சாப்பாட்டையே பிடிக்கும் என்று பின்னர் தெரிந்தது. நஞ்சிலிருந்து காப்பாற்ற உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு அது. நண்டு விஷயத்தில் ஆள்மாறாட்டம் நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் வீட்டில் மற்றவர்கள் என் முன்னாலேயே நண்டுக்கால் உடைத்துத் தின்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்து பருப்போடு சாப்பிடுகிறேன். சந்தையை விட்டு வெளியே வந்தால் நண்டின் நினைவே எனக்கு வருவதில்லை. இதை யாராவது வெறுப்பு என்றால் நண்டே சிரிக்கும்.

மாமா சொதி உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் எழும்பி ஓடவேண்டும்போல இருக்கிறது. அவரை நான் வெறுக்கிறேனா?

இதைக் கேட்ட மருமகள் கண் கலங்கித்தான் கேட்டார். பிள்ளை, இதற்கு மிசோஃபோனியா என்று பெயரே இருக்கிறது. 2001இல் யாஸ்ட்ரெபோஃப் என்ற தம்பதி வைத்த பெயர். மெல்லுகிற, உறிஞ்சுகிற, மூக்கை இழுக்கிற சத்தங்களைச் சிலரால் தாங்கவே முடியாது. நெஞ்சு படபடக்கும், கோபம் பொங்கும். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'ஒலி வெறுப்பு' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் என்னிடம் கொப்பியைத் தந்திருந்தால் அங்கேயும் ஒரு வட்டம் போட்டிருப்பேன்.

சோதித்துப் பார்க்க வழி சொல்கிறேன். மாமா வெற்றிலை வாங்கக் கடைக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். சத்தம் நின்றதும் உங்கள் எரிச்சலும் நிற்கிறதா? நிற்கிறதென்றால் பிரச்சினை காதில் இருக்கிறது. மின்விசிறியைப் போடுங்கள், ரேடியோவைப் போடுங்கள், அவருக்குக் கால் மணித்தியாலம் முந்திப் பரிமாறிவிடுங்கள். அவர் போன பிறகும் மனதுக்குள் அவரோடு வழக்காடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறீர்களா? அப்படியென்றால் அது சொதியோடு முடிகிற கதை இல்லை.

"அவையள் எங்களோட கோபம்" என்கிறோமே, அதுவும் வெறுப்பா?

எங்கள் பக்கத் தமிழில் கோபம் என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. "10 வருசமாக் கோபம்" என்றால் 10 வருடமாக முகம் சிவந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றா நினைப்பது?

என் அப்பாவுக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் 13 வருடக் கோபம். கிடுகு வேலியைக் கழற்றித் தகரம் அடித்தபோது எல்லை கால் முழம் எங்கள் பக்கம் நகர்ந்து, முருங்கை மரம் அந்தப் பக்கம் போய்விட்டது. அப்பா சொல்வது அது. அவர்கள் வேறு சொல்வார்கள். அன்றிலிருந்து ஆம்பிளைகளுக்குள் பேச்சில்லை. அம்மாவும் அந்த வீட்டு அன்ரியும் தகரத்துக்கு மேலால் சீனியும் கறிவேப்பிலையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள், அது வேறு கதை. அப்பா காலையில் கிணற்றடிக்கு வந்தால் வேலிப் பக்கம் திரும்பி ஒரு செருமல் செருமுவார். தொண்டையில் ஒன்றும் இருக்காது. அந்தாளுக்குக் கேட்க வேண்டும், தான் இன்னும் கோபம்தான் என்று தெரிய வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு செருமல் வரும். இப்படி 13 வருடம், பல் விளக்குகிற நேரத்தில்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வருகிறது என்று வேலித் தகரத்தைப் படபடவென்று அடித்துக் கத்தினது அந்த மனிதர்தான். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், 13 வருடத்துக்குப் பிறகு. எல்லாரும் ஓடித் தப்பினோம். ஒரே பள்ளிக்கூடத்தில் நாலு நாள் பாய் போட்டுப் படுத்தோம். திரும்பி வந்து சேறு வாரினோம். அப்புறம்? இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு கிழமையில் கிணற்றடியில் திரும்பவும் செருமல் தொடங்கிவிட்டது. அப்பா செத்தபோது அவர் முதல் ஆளாக வந்து பந்தற்கால் நட்டார். எங்கள் ஊரில் கலியாணத்துக்குத்தான் சொல்ல வேண்டும், செத்த வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது வெறுப்பில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். வெறுப்பு எப்படியிருக்கும் என்றும் அதே குடும்பத்தில்தான் பார்த்தேன்.

அப்பாவின் அக்கா, எனக்கு மாமி. ஒரு காணி உறுதி விஷயத்தில் சொந்தக்காரர் ஒருவர் அவரை ஏமாற்றிவிட்டார். ஏமாற்றியது உண்மை. அந்த மனிதர் பிறகு நாட்டை விட்டே போய்விட்டார். மாமி அவரைக் கண்டு 20 வருடத்துக்கு மேல். ஆனால் அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அவர் எந்த வருடம் வீடு மாற்றினார், அவருக்குச் சீனி வருத்தம் எத்தனையில் நிற்கிறது, எல்லாம் மாமிக்குத் தெரியும். எங்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது. ஒருநாள் அலுமாரியிலிருந்து பழைய கலியாண அல்பத்தை எடுத்தேன். படங்களில் அந்த மனிதரின் தலை இருந்த இடமெல்லாம் பிளேட்டால் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. ஆத்திரத்தில் கிழித்தது இல்லை. நகக்கண் அளவு பிசகாமல், பொறுமையாக வெட்டியது. ஒரு படத்தில் ஆளை முழுதாகவே எடுத்துவிட்டார். ஆனால் அவருடைய கை மட்டும் அப்பம்மாவின் தோளில் அப்படியே இருக்கிறது. அதை வெட்டினால் அப்பம்மாவும் போய்விடுவா.

அரிஸ்டோட்டில் 2,300 வருடங்களுக்கு முன்பே இதைப் பிரித்துச் சொன்னார். கோபக்காரன் மற்றவன் நோவதை விரும்புகிறான், தன்னால்தான் நோகிறது என்று அவனுக்குத் தெரியவும் வேண்டும். வெறுப்பவனுக்கு அதெல்லாம் தேவையில்லை, மற்றவன் இல்லாமல் போனால் போதும். கோபம் காலத்தால் ஆறும், வெறுப்பு ஆறாது என்றும் சொன்னார். செருமலையும் அல்பத்தையும் அவர் பார்த்ததில்லை.

மூளையில் இரண்டும் வேறு வேறு இடமா?

2008இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் செமிர் செக்கியும் ஜோன் ரொமாயாவும் 17 பேரை ஸ்கானரில் படுக்கவைத்து, அவர்கள் வெறுக்கிற ஆளின் படத்தைக் காட்டினார்கள். விழித்துக்கொண்ட பகுதிகளில் இரண்டு, காதலிப்பவரின் படத்தைப் பார்க்கும்போதும் விழிக்கிறவை. ஒரு வேறுபாடு இருந்தது. காதலில் எடைபோட்டுத் தீர்மானிக்கிற பகுதிகள் பெரிய அளவில் ஓய்ந்துவிடுகின்றன. வெறுப்பில் அவை பெரும்பாலும் விழித்தே இருக்கின்றன. 17 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மாமியின் பிளேட் ஏன் பிசகவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது.

காதலுக்கு எதிர்ச்சொல் வெறுப்புத்தானே?

பரீட்சையில் அப்படி எழுதுங்கள், புள்ளி கிடைக்கும்.

"அந்த ஆக்களையே எனக்குப் பிடிக்காது" என்கிறார் என் அண்ணன். இது பிடிக்காமைதானே, விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். சொல் 'பிடிக்காது' என்று இருந்தாலும் சரக்கு வேறு. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று பேரும் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைச் சுற்றிப் போக முடியாது. நாக்குக்குப் பிடிக்காதது ஒரு சாமான், ஒரு ஆள், ஒரு பழக்கம். 'அந்த ஆக்கள்' என்ற ஒன்றை யாரும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. அது கதைகளால் கட்டப்பட்டது. கோபம் தனி ஆள் மேல் வரும், வெறுப்பு ஒரு கூட்டத்தின் மேலேயே வரும் என்று அரிஸ்டோட்டில் சொன்னதும் இதைத்தான்.

அண்ணனிடம் ஒரு பெயர் கேளுங்கள். "யார் அண்ணா, என்ன செய்தவர்?" என்று. பெயரும் சம்பவமும் வந்தால் அது வழக்கு, பேசித் தீர்க்கலாம். "எல்லாரும் அப்பிடித்தான்" என்று வந்தால் வயிரம் பாயத் தொடங்கிவிட்டது.

பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி சரி. கோர்டன் ஓல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே நிபந்தனைகள் போட்டுவிட்டார். சமமான நிலையில் நிற்க வேண்டும், பொதுவான ஒரு இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலிடமும் அதை ஆதரிக்க வேண்டும். கிண்ணியாவுக்குப் பாதையில், அதுதான் அந்த மிதவையில், போய்வந்த காலத்தில் ஆளையாள் முட்டிக்கொண்டுதான் நின்றோம். 2009இல் பாலம் திறந்தபின் மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் கடக்கிறோம். எதில் கூடுதலாகப் பழகினோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தயிர்ச் சட்டி கொண்டுவருகிற காக்காவோடு (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) 15 வருடமாகப் பழக்கம், அவருடைய மகளின் பரீட்சைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவர் வீட்டுக்கு நான் போனது ஒருமுறைதான். சட்டியும் காசும் கைமாறுவதை ஓல்போர்ட் கணக்கில் சேர்த்திருப்பாரா தெரியாது.

சட்டம் எங்கே வருகிறது என்றும் கேட்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும்படி இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. 10 வருடம் வரை சிறை. பிடிக்காது என்று வீட்டில் சொல்வதை அது தொடாது. அதே சட்டத்தின் கீழ் 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் ஒருவரைக் கைது செய்ததும் நடந்தது. சொல்லைச் சுற்றி வட்டம் போடுகிற வேலை என்னைப்போன்ற டீச்சர்மாருக்கே கஷ்டம், பொலிசுக்கு இன்னும் கஷ்டம்.

ஒரு நாட்டையே வெறுக்காமல் இருக்க முடியுமா?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விமானம் ஒன்று போய் விழுந்து எரிந்தது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கைக்குக் கூடியபோது, இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தன எழுந்து, விமானத் தாக்குதலால் எங்களுக்கு நட்டம் ஏற்பட்டது, நட்டஈடு கேட்க உரிமையும் உண்டு, ஆனால் கேட்கப்போவதில்லை என்றார். வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தரின் வாக்கைக் காரணமாகச் சொன்னார். ஜப்பானியர் இன்றுவரை அதை நினைத்து நன்றி சொல்கிறார்கள்.

அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலை வந்தது. அதையும் எழுதாமல் இதை மட்டும் எழுத என் கை வரவில்லை.

எங்களுக்குக் கொடுமை செய்தவர்களையும் வெறுக்கக்கூடாதா?

இதைக் கேட்டவர் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். சந்தையில் கேட்கவில்லை, வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் வந்து கேட்டார்.

நான் பிள்ளையைப் பறிகொடுக்கவில்லை. ஆகவே வெறுக்காதே என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஒரு சொல் விஷயத்தில் மட்டும் உதவலாம் என்று பட்டது. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக இன்றும் விளக்கு வைக்கிறவர்களைப் பார்த்து "இன்னும் வெறுப்பை வளர்க்கினம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழையான சொல். திகதி, இடம், செய்தவரின் பெயர், நீதிமன்றம் என்று கேட்டுக்கொண்டு நிற்பதற்கு நீதி கேட்டல் என்று பெயர். அதை வெறுப்பு என்று அழைப்பது, கேட்பவரின் வாயை அடைக்க வசதியாக இருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "டீச்சர், சில நாள் ரெண்டுமே வரும்" என்றார். நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். வேறு பதில் இருக்கவில்லை.

மகள் "ஐ ஹேட் யூ அம்மா" என்று கதவை அடித்துச் சாத்துகிறாள்.

ஃபோன் பறித்தீர்களா? இரவுச் சாப்பாட்டுக்கு வருவாள். 'ஹேட்' இப்போது காசு மதிப்பிறங்கிப்போன நோட்டு. மழைக்கும் ஹேட், இடியப்பத்துக்கும் ஹேட். தமிழில் திட்டச் சொல்லுங்கள், சரியான சொல் தேடுவதற்குள் பாதிக் கோபம் போய்விடும்.

கடைசியில் அந்தக் கணிதப் பிள்ளை என்ன செய்தாள்?

திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். "எனக்குக் கணிதம் பிடிக்காது. தரம் 6 வரை பிடித்தது. பின்னங்கள் வந்தபோது எனக்கு அம்மை போட்டு மூன்று கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போனபோது எல்லாருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. இப்போதும் பின்னத்தைக் கண்டால் அம்மைத் தழும்பு கடிக்கிறது."

20க்கு 18 போட்டேன். கடைசி வசனத்துக்கு இன்னும் ஒன்று போட்டிருக்கலாம், ஆனால் 'கணிதம்' என்பதை ஒரு இடத்தில் றன்னகரம் போட்டு எழுதியிருந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் பாண் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கும் கணிதம் பிடிக்காது.